வியாழன், ஏழாம் பாடவேளை

கால அட்டவணையில் அது விளையாட்டுக்கு.
நான்கு வருடமாக நான்தான்
வாங்கிக்கொண்டிருந்தேன்,
கைமாற்றாக, திருப்பித் தராமல்.
தனிவட்டி முடியவில்லை, லாப நட்டம் முடியவில்லை
என்றால் போதும்,
தலைமையாசிரியர் தலையாட்டிவிடுவார்.
விளையாட்டு வாத்தியாரே இல்லாத பள்ளியில்
அந்த நாற்பது நிமிடத்துக்கு
யார் வந்து வழக்குப் போடுவார்கள்?

அன்று எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ஒரு சொல் எழும்பவில்லை.
வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.
இருபத்து மூன்று பேரும்
நம்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ராயக்கோட்டை மலை தெரிகிற பக்கம்
கழிப்பறைச் சுவருக்கு அப்பால்
குவாரிக்காரர்கள் தள்ளிவிட்டுப் போன
கருங்கல் பாளங்கள் கிடக்கின்றன,
துளையிட்ட தழும்போடு,
பாதி அறுத்ததும் மனசு மாறியதுபோல.
இருப்புப் பதிவேட்டில்
‘விளையாட்டுப் பொருட்கள்’ பக்கத்தில்
வளையம் இரண்டு, காற்றில்லாத பந்து ஒன்று
என்று என் கையெழுத்தில் இருக்கிறது.
கல்லை நான் எழுதவில்லை.

பத்து நிமிடத்தில் அங்கே
தக்காளி மண்டி திறந்தாகிவிட்டது.
ஜல்லி, தக்காளி.
நீளப் பாளம், லாரி.
புங்க இலை பத்து ரூபாய், பழுத்திருந்தால் ஐந்நூறு.
என் வகுப்பில் கரும்பலகையை விட்டுவிட்டு
சன்னலையே படிக்கிற மாதேஷ்
பாளத்தின் மேல் ஏறி நின்று ஏலம் கூவுகிறான்:
“பெட்டி நூறு… நூறு…
தொண்ணூறு… யாரும் இல்லையா…
அறுபது…”
விலை இறங்க இறங்கக் குரல் ஏறுகிறது.
“நாப்பது! அள்ளிட்டுப் போ!”

போன மாதம் அவன் அப்பா
ஒரு டெம்போ பழத்தை
சாலையோரம் கொட்டிவிட்டு
வெறும் பெட்டிகளோடு வீடு வந்தார்.
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் அதைச் சொல்லவில்லை.
கொட்டினார்கள்.
இருபது கைகள் சேர்ந்து
ஜல்லி சரசரவென்று சரிந்தது.

அந்தச் சத்தம் அடங்கும்போது
தேஜாஸ்ரீ வந்தாள், துப்பட்டாவைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு.
“நான் நிலாவுல இருந்து வர்ற வியாபாரி.
எங்க ஊர்ல தக்காளியே காய்க்காது.
மொத்தமும் எடுத்துக்கறேன்.
காசு கிடையாது. இருட்டுதான் இருக்கு.”

மாதேஷ் நெற்றியைச் சுருக்கினான்.
என் எந்தக் கணக்குக்கும்
அவன் நெற்றி அப்படிச் சுருங்கியதில்லை.
“பெட்டிக்கு எத்தனை மூட்டை இருட்டு?”

இங்கே நான் சும்மா இருந்திருக்கலாம்.
பதினொரு வருடப் பழக்கம் விடவில்லை.
இல்லாத தொண்டையைத் திரட்டி
“அப்போ நட்ட சதவீதம் எவ்வளவு, மாதேஷ்?” என்றேன்.

அவ்வளவுதான்.
லாரி பாளமானது.
தக்காளி ஜல்லியானது.
நிலாக்காரி தலைப்பாகையை அவிழ்த்து
இரண்டு பக்கமும் சரியாக மடித்து
துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்திக்கொண்டாள்.
மாதேஷ் கீழே இறங்கிக் கையைக் கட்டினான்.
“தெரியல, டீச்சர்.”

அடுத்த வியாழன் தொண்டை சரியாகிவிட்டிருந்தது.
ஆனாலும் கையைத்தான் காட்டினேன்.
சுவரோரம் போய் நின்றேன்.
அவர்கள் தள்ளி நின்று கூடிப் பேசினார்கள்,
என்னை என்ன செய்வதென்று.
கடைசியில் பசவராஜை அனுப்பினார்கள்,
இருப்பதிலேயே சின்னவன், திட்டு வாங்காதவன்.
“டீச்சர், நீங்க கிருஷ்ணகிரி டோல்கேட்டு.
பேசக் கூடாது.
லாரி வந்தா கையைத் தூக்கணும், போனதும் இறக்கணும்.
நிலா வண்டிக்கு மட்டும் காசு வாங்கக் கூடாது.”

தூக்கினேன். இறக்கினேன்.
ஒரு லாரிக்காரன் பழுத்த இலையைத் திணித்துவிட்டு
மீதி வேண்டாம் என்றான்.
ஒருவன் ஹாரன் அடித்து என்னைத் திட்டினான்,
அவன் திட்டியது நியாயம்தான்,
நான் எதையோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மாலையில் தோள் வலித்தது.
பாடக்குறிப்பேட்டில் ‘கற்றல் விளைவு’ என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
ஏழு லாரிகள் கடந்தன.
ஒன்று இன்னும் திரும்பவில்லை.

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
படித்தாரா தெரியவில்லை.